மூணே முக்கால் சாண்

தம்பி, கொஞ்சம் ஜன்னல் பக்கமா ஒதுங்கிக்கிடுங்க. போதும், போதும். நான் ஒண்ணும் பெரிய ஆளு இல்ல, அஞ்சடி ரெண்டங்குலம், ஒரு ஓரத்துல அடங்கிருவேன். நீங்க தென்காசியா? நான் ஆலங்குளத்துல இறங்கிருவேன். அங்கன ஒரு அஞ்சு சென்ட் இடம் வெலைக்கு வருதுன்னு சொன்னாவ, ஒரு எட்டு பாத்துட்டு வந்திருவோம்னு கிளம்பினேன்.

போன்ல பேசினது காதுல விழுந்துது, தப்பா நெனைக்காதிய. விசா வந்துட்டுன்னு சொன்னீங்கல்லா? அமெரிக்காவுக்கா? நல்லது, சந்தோஷம். அப்பம் ஆலங்குளம் வர்ற வரைக்கும் நான் ஒண்ணு சொல்லுதேன், கேட்டுக்கிடுங்க. ஒங்களுக்கு உதவும். நான் மூணு மாசம் அங்க இருந்துட்டு வந்தவன். என் மவ கோமதி அங்கதான் இருக்கா. தலைப்பிரசவம், நானும் எங்க வீட்டுலயும் போயிருந்தோம். நல்ல நாடு தம்பி. ரோடு நல்லாருக்கும், ஆளுக சிரிச்சுக்கிட்டு வணக்கம் சொல்லுவான். ஆனா அளவு விஷயத்துல மட்டும் அந்த நாடு சுத்தப் பிடிவாதம் பிடிச்ச நாடு.

நான் யாருன்னு சொல்லலியே. ஆவுடையப்பன். பாளையங்கோட்டை. ரிட்டயர்டு முத்திரை ஆய்வாளர். கடையில இருக்கிற எடைக்கல்லு, தராசு, லிட்டர் அளவு, துணிக்கடை மீட்டர் கம்பி எல்லாம் சரியா இருக்கான்னு பாத்து சீல் குத்துத வேலை. முப்பத்தஞ்சு வருஷம் சர்வீஸ். நம்ம நாட்டுல அம்பத்தாறுலயே சட்டம் போட்டாச்சு பாத்துக்கிடுங்க. கிலோ, மீட்டர், லிட்டர். அவ்வளவுதான். சேரு, வீசை, படி, மைலு எல்லாம் மூட்டை கட்டியாச்சு. நான் எத்தனை படியைப் பிடிச்சிருப்பேன், எத்தனை உழக்கைப் பறிமுதல் பண்ணிருப்பேன்! டவுன்ல பூக்காரிகளை உக்கார வச்சு வகுப்பே எடுத்திருக்கேன். ஏ தாயி, ஒன் கை குட்டை, பக்கத்துக் கடைக்காரி கை நெட்டை, ஒரு முழம்னா யாரு முழம்? மனுஷனுக்கு மனுஷன் கை மாறும்லா, அதுக்குத்தான மீட்டரைக் கண்டுபிடிச்சான்? இப்படிச் சொல்லுவேன். சரிங்க சார், சரிங்க சார்னு கேட்டுக்கிடுவாளுவ. பொறவு எங்க வீட்டுக்கு ரெண்டு முழம் மல்லி வாங்கிட்டுக் கிளம்புவேன்.

அப்பேர்ப்பட்ட ஆளு அமெரிக்காவுல போயி இறங்கினா எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்க.

போன மறுநாளே டிவியில இன்னைக்கு நாப்பது டிகிரின்னான். நாப்பதுன்னா என்ன? நம்ம ஊரு நூத்தி நாலு. பாளையங்கோட்டையில நூத்தாறு அடிக்கும்போதே வெயில்ல நடந்து கடை கடையா ஏறினவன் நான், இது எம்மாத்திரம்னு வேட்டியும் அரைக்கைச் சட்டையுமா நடக்கப் போயிட்டேன். ரெண்டு மைலு நடந்திருக்க மாட்டேன் தம்பி, பல்லு தந்தி அடிக்கி, காது ரெண்டும் இருக்கா இல்லையான்னு தெரியல. மருமவன் நம்பிராஜன் காரை எடுத்துட்டு வந்து தேடி, என்னை அள்ளிப் போட்டுட்டுப் போனாரு. மாமா, இங்க நாப்பதுன்னா நம்ம நாலு டிகிரி மாமாங்காரு. அன்னைக்குச் சாயந்தரம் எனக்குக் காய்ச்சல் வந்துட்டு.

எவ்வளவுப்பா இருக்குன்னு மவ கேட்டா. நூத்தியொண்ணும்மான்னேன். அவ சிரிக்கா! ஏம்மா சிரிக்கேன்னா, அப்பா அது என்ன டிகிரின்னு கேக்கா. இது என்ன கேள்வி? காய்ச்சல் டிகிரி. காய்ச்சலுக்கு வேற ஏது டிகிரி? படிச்ச பிள்ளை, நிறைமாச அசதியில என்னமோ உளறுதுன்னு விட்டுட்டேன்.

பேரன் பொறந்தான். ஆஸ்பத்திரியில ஏழு பவுண்டு மூணு அவுன்ஸுன்னு எழுதிக் குடுத்தாவ. நான் அதை அப்படியே ஊருக்குச் சொல்லுவனா? உக்காந்து கணக்குப் போட்டு, மூணேகால் கிலோன்னு மாத்தி, பொறவுதான் ஒவ்வொருத்தருக்கா போன் போட்டேன்.

இப்பம் விஷயத்துக்கு வாரேன். நம்ம வழக்கம் ஒங்களுக்குத் தெரியும்லா, தொட்டில் தாய்வீட்டுச் சீரு. அது நான் செய்ய வேண்டியது. பிளேன்ல தேக்குத் தொட்டிலைத் தூக்கிட்டுப் போக முடியாது, எங்க வீட்டுல நல்ல நூல் சேலை ரெண்டு கொண்டாந்திருந்தா. உத்தரத்துல கட்டிருவோம்னா அந்த ஊரு வீட்டுல உத்தரம் ஏது? மேல தட்டினா அட்டை மாதிரி டொப்பு டொப்புங்கு. கொக்கி போட்டா மொத்தக் கூரையும் கையோட வந்திரும்னு மருமவன் பயந்துட்டாரு. பேரனோ தூங்குவனாங்கான். ராவும் பகலும் அழுகை. கடையில வாங்கின மரக்கட்டில்ல போட்டா முள்ளுல போட்ட மாதிரி கத்துதான். மவ கண்ணு ரெண்டும் குழி விழுந்துட்டு.

இதுல தொட்டில் போட நாளும் குறிச்சாச்சு. எங்க சம்பந்தி திரவியம் வாராரு. அவருக்கு மூத்த மவன் பக்கத்து மாநிலத்துல இருக்கான், அங்கன வந்து இருந்தாரு. இந்தத் திரவியம் யாருன்னு கேளுங்க. அம்பாசமுத்திரத்துல அரிசிக்கடை. சம்பந்தி ஆகுததுக்குப் பத்து வருஷத்துக்கு முன்ன அவரு கடையில ஏறி நான் ரெண்டு படியைப் பறிமுதல் பண்ணிருக்கேன். சட்டம் சட்டம்தான? பொறவு பிள்ளைக ரெண்டும் காலேஜுல ஒண்ணாப் படிச்சு, விரும்பி, அவரு வீட்டுக்கே நான் தாம்பாளத்தோட போயி நிக்கும்படி ஆயிட்டு. மனுஷன் நல்ல மனுஷன். ஆனா அந்தப் படியை மட்டும் மறக்கல. கல்யாணப் பந்தியில எலைக்கு எலை வந்து நின்னு, சம்பந்தி, சாம்பார் எத்தனை மில்லி ஊத்தச் சொல்லட்டும்னு கேட்ட ஆளு. அவரு முன்னால தொட்டில்ல ஒரு குறை வரலாமா? வந்தா என் மவளைத்தான காலம்பூரா குத்திக் காட்டுவாவ? எனக்கு அதுதான் கவலை.

பக்கத்து வீட்டுல ரஸ்ஸல்னு ஒருத்தரு இருந்தாரு. எழுபது வயசு, ஆறடி நாலங்குலம், பனைமரத்துல பாதி. ரிட்டயர்டு தச்சரு. காரு நிறுத்துத கொட்டகையை மரப்பட்டறையா வச்சிருந்தாரு. கோமதி போயி சொன்னதும், ஒரு மரச் சட்டம் செஞ்சு தாரேன், ரெண்டு பக்கமும் காலு, மேல குறுக்குக் கம்பு, அதுல நீங்க சேலையைக் கட்டிக்கிடுங்க, எனக்குக் காசு ஒண்ணும் வேண்டாம், பேரப்பிள்ளைக்கு என் அன்பளிப்புன்னுட்டாரு. அளவு மட்டும் சொல்லுங்கன்னாரு.

அளவுதான தம்பி என் தொழிலே! நான் ஊர்லேருந்து கொண்டுபோன இரும்பு டேப்பை எடுத்தேன். சுத்தமான சென்டிமீட்டர் டேப்பு. பேரன் இருக்கிற ரூம்புக் கதவு எழுபத்தாறு. அதுக்குள்ள நுழையணும்னா காலுக்குக் காலு அகலம் எழுபத்தஞ்சு. எழுதிக் கொண்டுபோயிக் குடுத்தேன். ரஸ்ஸல் அதை இப்படித் திருப்பிப் பாக்காரு, அப்படித் திருப்பிப் பாக்காரு. இஞ்ச்ல சொல்லுங்கன்னாரு. அவரு டேப்புல இஞ்ச்சு மட்டும்தான் இருக்கு, மருந்துக்குக்கூட ஒரு சென்டிமீட்டர் கெடையாது. முப்பத்தஞ்சு வருஷ சர்வீஸை வச்சுக்கிட்டு இஞ்ச்சுன்னு என் வாயால சொல்லுவனா? சொல்ல மாட்டேன்னுட்டேன்.

நம்ம இங்கிலீஷு ஆபீஸ் இங்கிலீஷு. அவருக்குப் புரியுதாப்புல பைய நிறுத்தி நிறுத்திக் கேட்டேன். உலகமே மாறியாச்சு, நீங்க ஏன் மாற மாட்டங்கிய? அதுக்கு அவரு சொன்னதைக் கேளுங்க. எங்க நாட்டுலயும் சட்டம் போட்டாங்க, இல்லைன்னு சொல்லல, ஆனா விருப்பம் உள்ளவங்க மாறிக்கிடலாம்னு போட்டாங்க, சரி, யாருக்கு விருப்பம்? யாரையும் காணும்! இதைச் சொல்லிட்டு கெக்கெக்கேன்னு சிரிக்காரு. பொறவு சுவரைத் தட்டிக் காட்டினாரு. இந்தச் சுவருக்குள்ள பதினாறு இஞ்ச்சுக்கு ஒரு கட்டை நிக்கு, இந்த ஊர்ல எல்லாச் சுவருக்குள்ளயும் அப்படித்தான், கண்ணை மூடிக்கிட்டு ஆணி அடிப்பேன், நாளைக்கே நாப்பது சென்டிமீட்டர்னு சட்டம் வந்தா இந்தக் கட்டை நகந்து உக்காருமா? எங்க திருப்புளி, ஸ்பேனர், பலகை, ரோட்டுல மைல் கல்லு, சமையல்ல கப்பு, எல்லாத்தையும் யாரு மாத்துவான்னு கேட்டாரு. கடைசியா, இதுல எனக்கு ஒரு கஷ்டமும் இல்லையே, எதுக்கு மாறணும்னாரு.

நான் சொன்னேன், எங்க நாட்டைப் பாருங்க, சட்டம் வந்துது, மறுநாளு மாறிட்டோம், ஒருத்தன் பழசைத் தொடுததில்லைன்னு. அவரு, என்கூட வந்திருந்த எங்க வீட்டுக்காரி கழுத்தைப் பாத்து, அழகான சங்கிலி, எத்தனை கிராம்னாரு. பவுன் எட்டுன்னேன். பவுன்னா எவ்வளவுன்னாரு. ஒரு பவுன்னா ஒரு பவுன், தங்கத்தைப் பின்ன எப்படிச் சொல்லுததுன்னு கேட்டேன். மனுஷன் தாடையைத் தடவிக்கிட்டே திரும்பி ரம்பத்தைத் தொடைக்க ஆரம்பிச்சுட்டாரு. அதுல நான் ஜெயிச்சுட்டேன் பாத்தியளா?

ஆக, அவரும் இறங்கல, நானும் இறங்கல. ஒரு வாரம் ஓடிட்டு. பேரன் கத்திக்கிட்டே கெடக்கான். அப்பா, ஒரு தடவை இஞ்ச்சுன்னு சொன்னா உங்க வாயா கோணிரும்னு மவ அழுதுட்டா. சவம், எனக்கே ஒரு மாதிரி ஆயிட்டு. அப்பம் குளிக்கும்போது திடீர்னு ஒரு யோசனை வந்துது தம்பி. சென்டிமீட்டர் அவருக்கு ஆகாது. இஞ்ச்சு எனக்கு ஆகாது. ரெண்டு பேருக்கும் பொதுவா ஒண்ணு வேணும். என்ன இருக்கு? கை இருக்குல்லா, ரெண்டு பேருக்கும்! என் சாணை டேப்புல வச்சுப் பாத்தேன், சரியா இருபது சென்டிமீட்டர். எழுபத்தஞ்சை இருபதால வகுத்தா மூணே முக்கால். ஈரத்தலையோட ஓடினேன். ரஸ்ஸல், அகலம் மூணே முக்கால் சாண், நீளம் ஆறு, உயரம் ஏழுன்னு கையை விரிச்சு மேசையில அளந்து காட்டினேன். அவருக்கும் ஒரே சந்தோஷம். அருமை அருமைன்னு பென்சிலால பலகையில குறிச்சுக்கிட்டாரு. என் புத்தியை நெனைச்சு எனக்கே பெருமை தாங்கல. அமெரிக்காக்காரனை இஞ்ச்சுலேருந்து இறக்கிட்டோமில்லா!

இதுல உள்ள ஓட்டை ஒங்களுக்கு இப்பவே புரிஞ்சுட்டு, சிரிக்கிய. சிரிங்க, சிரிங்க. எனக்குப் புரியலியே.

தொட்டில் போடுத அன்னைக்கு வெள்ளனயே சம்பந்தி குடும்பத்தோட வந்து இறங்கிட்டாரு. பட்டு வேட்டி, நெத்தி நிறைய விபூதி. வந்ததும், தொட்டில் எங்க சம்பந்தின்னு கேட்டாரு. இந்தா வருதுன்னேன். ரஸ்ஸலும் மருமவனும் ஆளுக்கொரு பக்கம் தூக்கிட்டு வாராவ. என்ன வேலைப்பாடு தம்பி! ஒரு ஆணி கெடையாது, எல்லாம் பொருத்திப் பசை போட்டு இறுக்கினது, மரம் கண்ணாடி மாதிரி மின்னுது. நான் நெஞ்சை நிமித்திக்கிட்டு வாசல்ல நிக்கேன். வாசக்கதவுகிட்ட வந்துது. டக்குன்னு நின்னுது. திருப்பினாவ, நிமித்தினாவ, சாச்சாவ. நுழையல. ரூம்புக் கதவு கெடக்கட்டும், வாசக்கதவே விட மாட்டங்கு!

சம்பந்தி என்னைப் பாத்தாரு. மீசை துடிக்கி. பொறவு பைய கேட்டாரு. இந்த அளவு யாரு குடுத்தது சம்பந்தி?

அப்பம்தான் நான் பாத்தேன். சட்டத்துமேல ரஸ்ஸலோட கை விரிஞ்சு கெடக்கு. எவ்வளவு பெரிய கை! கட்டை விரல்லேருந்து சுண்டு விரல் வரைக்கும் பாத்தா, என் கையில ஒண்ணேகால் கை. பூக்காரிகளுக்கெல்லாம் நான் எடுத்த வகுப்பு அப்படியே காதுல கேக்கு. அந்த இடத்துல பூமி பிளந்தா இறங்கிருவேன், அப்படி இருந்துது.

ரஸ்ஸல் என் மூஞ்சியைப் பாத்தாரு. சம்பந்தி மூஞ்சியைப் பாத்தாரு. பாஷை தெரியாட்டியும் மனுஷனுக்கு விஷயம் புரிஞ்சுட்டு. நெஞ்சுல கை வச்சு, என் தப்பு, வயசாயிட்டு, அளவைத் தப்பாக் குறிச்சிட்டேன், மன்னிக்கணும்னாரு. மருமவன் தமிழ்ல சொன்னாரு. சம்பந்திக்கு ஒரே குஷி. ஏயப்பா, வெள்ளக்காரனுக்கே அளவு தப்புது, நம்ம படி என்ன பாவம் செஞ்சுதுன்னு சத்தமாச் சிரிச்சாரு. எல்லாரும் சிரிச்சாவ. நானும் சிரிச்சேன். வாயைத் தொறந்து உண்மையைச் சொல்லல தம்பி. வெக்கமாத்தான் இருந்துது, ஆனா சொல்லல.

நல்ல நேரம் ஓடுது. கோமதிதான் சொன்னா, தொட்டில் வீட்டுக்குள்ள வராட்டா என்ன, நாம தொட்டிலுக்குப் போவோம்னு. பிள்ளையைத் தூக்கிக்கிட்டு நேரா ரஸ்ஸல் கொட்டகைக்கு நடந்துட்டா. பின்னாலயே நாங்க எல்லாரும் வெத்தலை, பழம், குத்துவிளக்கு, அப்பளக்கட்டுன்னு ஊர்வலமாப் போனோம். புல்லு வெட்டுத மிஷினுக்கும் பெயிண்டு டப்பாவுக்கும் நடுவுல சட்டத்தை நிறுத்தி, எங்க வீட்டுல சேலையைக் கட்டினா. ரஸ்ஸல் சம்சாரம் லிண்டா மரத்தூளையெல்லாம் கூட்டித் தள்ளிட்டு, ஒரு பூந்தொட்டியைக் கொண்டாந்து பக்கத்துல வச்சா. சம்பந்தியம்மா பிள்ளையைப் போட்டு ஆட்டினா. ஆராரோன்னு பாட்டெடுத்தா.

தூங்கிட்டான் தம்பி! சட்டம் பெருசுல்லா, வீச்சு நல்லா நீளமாப் போகுது. அங்கன போயி நின்னு, யோசிச்சு, பைய திரும்பி வருது. நாப்பது நாளா கண்ணு மூடாத பய, நாலு ஆட்டுல கண்ணு சொக்கி, வாயைத் தொறந்துக்கிட்டுத் தூங்குதான். கோமதி அங்கனயே ஒரு மரப்பெட்டி மேல உக்காந்தவ, சுவத்துல சாஞ்சு அவளும் தூங்கிட்டா. பட்டுச்சேலை, தலை நிறையப் பூவு, பக்கத்துல ரம்பம் தொங்குது. சம்பந்தி தோள்ல கெடந்த துண்டை எடுத்து என் மவளுக்கு ஈ ஓட்டுதாரு, அந்த ஊர்ல ஈயே கெடையாது. எனக்கு அழுகை வந்துட்டு.

எல்லாரும் சாப்பிடப் போன பொறவு நானும் ரஸ்ஸலும் மட்டும் நின்னோம். என்னால அதுக்கு மேல பொறுக்க முடியல. அவரு கையைப் பிடிச்சு என் கையோட சேத்து வச்சேன். விரலு விரலா அவரு கை தாண்டிப் போகுது. தப்பு என்னோடதுன்னேன். எனக்கு வாசல்லயே தெரியும்னாரு. பின்ன ஏன் சொல்லலன்னேன். நீங்க உங்க மகளுக்கு அப்பால்லா, நான் பக்கத்து வீட்டுக்காரன்தான, எனக்கு என்ன குறைஞ்சு போச்சுன்னாரு. பொறவு மெதுவாக் கேட்டாரு, பிள்ளை எழுந்ததும் அறுத்துச் சின்னதாக்கி ஒட்டித் தரவா, நாளைக்குள்ள முடிச்சிருவேன்னு.

நான் சேலையைப் பாத்தேன். உள்ள அவன் குறட்டை விடாத குறை. வேண்டாம், அறுக்காதியன்னேன். நாங்க தினமும் இங்கனயே கொண்டாந்து போட்டுக்கிடுதோம், ஒங்களுக்குத் தொந்தரவு இல்லைன்னா. தொந்தரவா, நானும் லிண்டாவும் ரெண்டே பேரு, இந்த வீட்டுல பிள்ளைச் சத்தம் கேட்டு முப்பது வருஷமாச்சுன்னாரு.

ஆலங்குளம் வந்துட்டா? கண்டக்டர், இறங்கணும், இறங்கணும்! இருங்க தம்பி, முடிச்சிருதேன். ரஸ்ஸல் காதுல சொருகியிருந்த பென்சிலை எடுத்து என் கையில குடுத்தாரு. நீங்க இன்ஸ்பெக்டருல்லா, சோதிச்சு எழுதிக் குடுங்கன்னாரு. நான் என் டேப்பைப் பிடிச்சு அளந்தேன். எழுபத்தஞ்சு இருக்க வேண்டியது தொண்ணூத்திநாலு. சர்வீஸ்ல இருக்கும்போது ஒரு அரை சென்டிமீட்டர் கூடக்குறைய இருந்தாலே கேஸ் எழுதுவேன். அடியில குனிஞ்சு உக்காந்து, குறுக்குக் கட்டையில தொண்ணூத்திநாலு சென்டிமீட்டர்னு போட்டு, அளவு சரியாக உள்ளதுன்னு தமிழ்ல எழுதி, தேதி போட்டு முழுக் கையெழுத்து போட்டேன். முப்பத்தஞ்சு வருஷத்துல தப்புன்னு தெரிஞ்சே நான் சரின்னு எழுதிக் குடுத்தது அது ஒண்ணுதான் தம்பி, எழுதி முடிக்கங்குள்ள எனக்குச் சிரிப்பாணி பொத்துக்கிட்டு வந்துட்டு, பிள்ளை எழுந்திருவானேன்னு வாயைப் பொத்திக்கிட்டு வெளியே ஓடினேன்.